சேர்வரை நிறுத்தாமல் என்ஜின்எக்ஸ் மொடியூலை மாற்ற

மட்டக்களப்பு, கல்முனைக் கடைகளின் பில்லிங் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் மென்பொருளில் ஓடுகிறது. அதைப் பின்னேர வியாபாரத்தில் நிறுத்தவே கூடாது. கொன்ஃபிக் (அமைப்புக் கோப்பு) மட்டும் மாறினால் ரீலோட் போதும், நிறுத்தாமலே அதை மறுபடி வாசிக்கும். மொடியூல், அதாவது என்ஜின்எக்ஸில் ஏற்றும் கூடுதல் பகுதி, அதன் கோப்பே மாறினால் ரீலோட் போதாது. மற்றவற்றை நடத்தும் தலைமைப் புரோசஸான மாஸ்டர், மெமரியில் பழையதையே வைத்திருக்கும்.

புதிய கோப்பைப் பழையதன் மேல் கொப்பி பண்ணாதீர்கள். ஓடும் புரோசஸ் அந்தக் கோப்பைத்தான் பிடித்திருக்கிறது, விழுந்துவிடக்கூடும். அதே ஃபோல்டரில் வேறு பெயரில் இறக்கி, பிறகு பெயரை மாற்றுங்கள். கொன்ஃபிக் டெஸ்டை ஓட்டுங்கள். வேறு வெர்ஷனுக்குக் கட்டிய மொடியூல் என்றால் இங்கேயே பிடிபடும்.

அடுத்து மாஸ்டருக்கு யூஎஸ்ஆர்2 (USR2) சிக்னல். சிக்னல் என்பது ஓடும் புரோசஸுக்கு அனுப்பும் கட்டளை. பக்கத்திலேயே புதிய மாஸ்டர் எழும்பும். பழையதுக்கு வின்ச் (WINCH) சிக்னல் கொடுத்தால் அதன் வேர்க்கர்கள் (கோரிக்கைகளைக் கவனிக்கும் புரோசஸ்கள்) கையிலுள்ள வேலையை முடித்துவிட்டுப் போகும். இப்போது ஒரு பில் போட்டுப் பாருங்கள். சரியென்றால் பழையதுக்குக் குவிட் (QUIT), அது மூடிக்கொள்ளும். பிழை வந்தால் பழையதுக்கு ஹப் (HUP), அதன் வேர்க்கர்கள் மறுபடி எழும்பும்; புதியதுக்குக் குவிட்.