கடிக்கும் சின்சில்லாவைப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடர்ந்த மென்முடி கொண்ட, கொறிக்கும் இனத்துச் சிறு செல்லப்பிராணியான சின்சில்லா, கூண்டுக் கதவைத் திறந்ததும் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கிறது, பல்லை நறநறக்கிறது, சில பெண் சின்சில்லாக்கள் குறி பார்த்துச் சிறுநீரையும் பீய்ச்சிவிடும். இதைப் பார்த்துவிட்டு "குணமே இப்படித்தான், அடக்கித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. மற்ற தவறுகளெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையின் பாறை இடுக்குகளில், ஆந்தைக்கும் நரிக்கும் பயந்து கூட்டமாக வாழும் விலங்கு இது. ஆபத்து வந்தால் ஓடி ஒளியத்தான் பார்க்கும். ஓட இடமில்லாதபோதுதான் கடிக்கும்.

கூண்டுக்குள் கையை விட்டுத் துரத்திப் பிடிப்பதைத்தான் நான் முதல் தவறு என்பேன். மேலிருந்து இறங்கும் கை அதற்கு வேட்டைப் பறவையைப் போலத்தான் தெரியும். ஒளிந்துகொள்ளும் மரப்பெட்டிக்குள்ளிருந்து இழுத்து வெளியே எடுப்பது இன்னும் மோசம். இருந்த ஒரே பாதுகாப்பான இடமும் அதோடு போய்விடுகிறது. முடியோடு சேர்த்து இறுக்கினால், பிடிபட்ட இடத்து முடியைக் கொத்தாக உதிர்த்துவிட்டுத் தப்பிவிடும். அந்த இடத்தில் மறுபடி முழுதாக முடி வளரச் சில மாதங்கள் ஆகும். விலா எலும்புகளும் மெல்லியவை, அழுத்தம் தாங்காது.

கதவைத் திறந்து வைத்துவிட்டு, சின்னதான, ஒளிந்து மாட்டிக்கொள்ள இடுக்கு இல்லாத ஓர் அறையில் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். அதுவாக வெளியே வரட்டும், உங்கள் மேல் ஏறி இறங்கட்டும். கை தரையோடு கிடக்கட்டும், உள்ளங்கை மேலே பார்த்தபடி. மாலைக்குப் பிறகு இதைச் செய்யுங்கள். பகலில் தூங்குகிற உயிரைத் தட்டி எழுப்பி நட்பு பேச முடியாது.

அவசரமாக மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியிருந்தால்? முடியைச் சுத்தம் செய்ய அது உருண்டு புரளும் நுண்தூசி நிரப்பிய தூசிக் குளியல் கிண்ணத்தை, அதை எடுத்துச்செல்லும் பெட்டிக்குள் வையுங்கள். பெரும்பாலானவை தாமாகவே உள்ளே போய் உருளத் தொடங்கும். தடித்த கையுறை போட்டுப் பிடிப்பது நல்ல யோசனையல்ல. எவ்வளவு இறுக்குகிறோம் என்று நமக்கும் தெரியாது, நம் கையின் வாசனை அதற்கும் பழகாது.

கடித்தவுடன் மூக்கில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, கத்துவது எல்லாம் கை என்றாலே பயம் என்பதை உறுதிப்படுத்த மட்டுமே உதவும். "ரத்தம் வந்தாலும் கையை எடுக்காதே, எடுத்தால் கடித்தால் வேலை நடக்கும் என்று கற்றுக்கொள்ளும்" என்று ஓர் அறிவுரை சுற்றுகிறது. அதில் பாதி உண்மைதான். ஆனால் நிமிர்ந்து நிற்கும்போதே, பல் சத்தம் கேட்கும்போதே கையை மெதுவாக விலக்கிவிட்டால் கடி வரையே போகாது. எச்சரிக்கை மதிக்கப்படுகிறது என்று தெரிந்த சின்சில்லாவுக்குக் கடிக்க அவசியமில்லை. இதோடு ஒன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: முன்பல்லால் லேசாகக் கவ்வுவது பெரும்பாலும் ஆராய்ச்சி, சில சமயம் கொஞ்சல். அதற்குப் பதறினால் வீண் சிக்கல்.

கூண்டுக் கம்பி வழியே தின்பண்டம் நீட்டும் பழக்கத்தையும் விடுங்கள். கம்பி வழியே வருவதெல்லாம் உணவு என்று ஆகிவிட்டால் விரலும் உணவுதான். உலர் திராட்சை, கொட்டைகள் கொடுத்து மயக்குவதும் வேண்டாம்; சர்க்கரையும் கொழுப்பும் அதன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. சர்க்கரை சேர்க்காத ஓட்ஸ் ஓரிரு துணுக்கு போதும்.

நேற்றுவரை சாதுவாக இருந்தது திடீரென்று கடிக்கிறதா? பழக்கும் முயற்சியை நிறுத்திவிட்டு, இத்தகைய சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போங்கள். சின்சில்லாவின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை. கடைவாய்ப் பல் கோணலாக வளர்ந்தால் தாடை வலிக்கும். தாடை ஈரமாக இருப்பது, கண்ணில் நீர் வடிவது, காய்ந்த புல்லை எடுத்துவிட்டுப் போட்டுவிடுவது ஆகியவை அதன் அறிகுறிகள். ஆண்களில் பிறப்புறுப்பைச் சுற்றி முடி வளையமாகச் சிக்கிக்கொண்டு வலி தரலாம். ஆணோடு இருக்கும் பெண் என்றால் சினையாக இருக்கலாம். சினைக்காலம் சுமார் 111 நாட்கள். அறையின் வெப்பத்தையும் கவனியுங்கள். 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அடர்ந்த முடி அதை வாட்டத் தொடங்கும். காது சிவந்து, மூச்சு வாங்கிச் சோர்ந்து கிடந்தால் அது அவசர நிலை.

துணை சேர்த்தால் சாந்தமாகிவிடும் என்று இன்னொன்றை நேராக அதே கூண்டுக்குள் விடுவது கடைசித் தவறு, ஆபத்தானதும் கூட. தன் இடத்தை விட்டுக்கொடுக்காத சின்சில்லா புதிதாக வந்ததைக் கொன்றுவிடவும் கூடும். கூண்டுகளைப் பக்கத்தில், பல் எட்டாத தூரத்தில் வைத்து, தூசிக் கிண்ணத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து வாசனையைப் பழக்குங்கள். பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் சந்திக்க விடுங்கள். முடி பறந்தால் பிரித்து விடுங்கள். ரத்தம் வந்துவிட்டால் அந்த ஜோடியைத் தனித்தனிக் கூண்டிலேயே வைத்திருப்பது நல்லது.