காமன் கூத்தை ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தது

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிந்ததையும் அவன் மனைவி ரதி புலம்புவதையும் ஆடிக் காட்டும் கூத்து. விரதமிருந்து ஆடுகிறவர்களின் கண்ணில் ஃபிளாஷ் அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் வருஷம் கேமராவோடு வந்த லென்ஸ்தான். அதன் துவாரம் எஃப் 5.6க்குக் கீழே போகாது; இந்த எண் குறையக் குறையத்தான் துவாரம் பெரிதாகி வெளிச்சம் கூடும். ஷட்டர் 1/15 நொடிக்கு இறங்கி, ரதியும் மதனும் வெறும் நிறக்கோடுகளாகப் பதிந்தார்கள்.

அடுத்த வருஷம் பழைய 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கினேன். ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 3200, ஷட்டர் 1/250. அசைவு நின்றது, ஆனால் படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை! காரணம், லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் கட்டியிருந்த பழைய டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. ஷட்டரை ஒரு முழு மங்கலுக்குச் சமமாக 1/100க்கு இறக்கியதும் பட்டை போய்விட்டது.

சரி, 1/100இல் ஆட்டம் கலங்குமே? வழி சொன்னது தப்பு மேளம் அடிக்கும் மாமா: "அடி நிக்கிற எடத்துல அமுக்கு தம்பி." உண்மைதான். சுற்றி வந்து தப்பு அடங்கும்போது சலங்கை நிற்கும், தூக்கிய கை ஒரு கணம் அப்படியே இருக்கும். அதற்காகவே விரலை வைத்துக் காத்திருந்தேன்.

அப்புறம், பின்னால் கும்மிருட்டு. கேமரா தானாக அளந்தால் அரிதார முகம் வெளுத்துவிடும். மேனுவலில் முகத்துக்கு அளந்து மாற்றாமல் விட்டேன்.

மதன் எரிந்தபின் ரதி மண்ணில் உட்கார்ந்து புலம்பியபோது தீவட்டி வெளிச்சம் மட்டும்தான். கன்னத்துப் பொடியில் கண்ணீர் இறங்கிய தடம் படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது.