குப்பை மண்டிய அலாட்மென்ட் கிடைத்திருக்கிறதா? கையெழுத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

இங்கிலாந்தில் அலாட்மென்ட்டுக்கு, அதாவது காய்கறி பயிரிட வாடகைக்குக் கிடைக்கும் சிறு துண்டு நிலத்துக்கு, பெயர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு ஒருநாள் மின்னஞ்சல் வரும்: "உங்களுக்கு ஒரு துண்டு நிலம் ஒதுக்கியிருக்கிறோம், வந்து பாருங்கள்." வெந்தயக்கீரை, முள்ளங்கி, பூசணி என்று மனசுக்குள் பாத்தி கட்டிக்கொண்டே போனால், அங்கே இடுப்புயர முட்புதர், உடைந்த கிரீன்ஹவுஸ், கார் டயர், மழையில் ஊறிய மெத்தை. கூட வந்த அலாட்மென்ட் சங்கச் செக்ரட்டரி, "கொஞ்சம் வேலை இருக்கும்" என்று சிரிப்பார்.

இதை யார் அள்ளுவது? சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போடும்வரை அது நிலத்தைக் கொடுப்பவரின் தலைவலி. போட்ட பிறகு, சட்டம் என்ன சொன்னாலும் நடைமுறையில் உங்கள் தலைவலி. அதனால் இந்த வேலையில் பாதி, மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸுக்கு. ஸ்காட்லாந்தில் அலாட்மென்ட் சட்டம் வேறு.

படி 1: பழைய செருப்போடு போகாதீர்கள், கண்ணை மட்டும் நம்பாதீர்கள்

முழுத் துண்டு என்றால் வழக்கமாக 10 ராட் (பழைய ஆங்கில நில அளவு), அதாவது சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறேகால் சென்ட். ஒரு கிரவுண்டைவிடச் சற்றே பெரிது. புதர் மூடியிருக்கும்போது இதன் அளவு கண்ணுக்குத் தெரியாது, புதருக்குள் இருப்பதும் தெரியாது. தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ், தோல் கையுறை, ஒரு நீளக் கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

கம்பியால் பத்தடிக்கு ஓரிடம் குத்திப் பாருங்கள். மண்ணில் இறங்கினால் நல்லது. "ணங்" என்றால் செங்கலோ சிலாபோ இருக்கிறது. "சரக்" என்றால் கண்ணாடி. ரப்பர்போல் எகிறினால் கார்ப்பெட்.

கார்ப்பெட்டைப் பற்றி நின்று பேச வேண்டும். களை வராது என்று நம்பி ஒரு தலைமுறையே பழைய கார்ப்பெட்டை விரித்து வைத்தது. ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்: பைண்ட்வீட் கொடியின் வெள்ளை வேர்கள் அதன் பின்னலுக்குள் சேமியாபோல ஓடிக்கிடக்கும். மேலே நைலான் நூல் மட்கவே மட்காது. துணி மட்டும் இற்றுப்போய், இழுத்தால் கையோடு பிய்ந்து வரும். மண்ணைத் தோட்ட முள்கரண்டியால் புரட்டும்போதெல்லாம் நீல நூல், பச்சை நூல் என்று சுற்றிக்கொண்டு வரும். ஒரு துண்டு நிலத்தில் டயரைவிட, மெத்தையைவிட, நேரத்தைத் தின்பது இதுதான். இப்போது பல கவுன்சில்கள் (உள்ளாட்சி மன்றங்கள்) கார்ப்பெட் விரிப்பதையே தடை செய்திருக்கின்றன. எவ்வளவு பரப்பில் கார்ப்பெட் கிடக்கிறது என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். துண்டின் எண் உள்ள கட்டையும் படத்தில் விழட்டும். பெரிய குப்பை ஒவ்வொன்றுக்கும் தனிப் படம்.

படி 2: நிலம் யாருடையது?

பெரும்பாலும் மாநகர, பரோ, டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், இல்லையென்றால் ஊர் அளவிலான பாரிஷ் கவுன்சில். சில இடங்களில் கவுன்சில் நிலத்தை அலாட்மென்ட்காரர்களின் அசோசியேஷன் குத்தகைக்கு எடுத்து நடத்தும். சில தனியார் நிலம், சர்ச் நிலம். யார் நில உரிமையாளர், யார் வாடகை வாங்குகிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அசோசியேஷனில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்களிடம் சண்டைக்குப் போய்ப் பயனில்லை. கையில் காசு இருப்பது வேறிடத்தில்.

படி 3: சட்டம் எந்தப் பக்கம்?

முந்தைய குத்தகைதாரர்தான் முதல் பொறுப்பாளி. 1950ஆம் ஆண்டு அலாட்மென்ட் சட்டத்தின் 4ஆம் பிரிவு, நிலத்தைச் சுத்தமாகவும் நல்ல சாகுபடி நிலையிலும் வைத்திருக்கத் தவறியவர் விட்டுப்போகும்போது, அந்தச் சீர்கேட்டைச் சரிசெய்யும் செலவை அவரிடமிருந்து வசூலிக்க நில உரிமையாளருக்கு உரிமை தருகிறது. கவனியுங்கள், உரிமை நில உரிமையாளருக்கு. உங்களுக்கு இல்லை. முன்பு இருந்தவரை நீங்கள் தேடிப்போய்க் கேட்க முடியாது. கவுன்சில் கேட்கலாம், ஆனால் ஆள் இறந்திருப்பார், வீடு மாறியிருப்பார், சில நூறு பவுண்டுக்காக யார் அலைவது என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இதனால்தான் இப்போது பல இடங்களில் ஆரம்பத்திலேயே டெபாசிட் வாங்குகிறார்கள். "முந்தையவரின் டெபாசிட் உங்களிடம் இருக்கிறதா?" என்பது கேட்க வேண்டிய நல்ல கேள்வி.

மறுபக்கம், துண்டைச் சுத்தம் செய்துதான் ஒப்படைக்க வேண்டும் என்று கவுன்சிலைக் கட்டாயப்படுத்தும் பிரிவு அலாட்மென்ட் சட்டங்களில் இல்லை. ஆனால் உங்களைப் பிடிக்கும் பிரிவு இருக்கிறது. 1908ஆம் ஆண்டு சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி, குத்தகை தொடங்கி மூன்று மாதம் ஆன பிறகு விதிகளை மீறியிருந்தால் கவுன்சில் ஒரு மாத நோட்டீஸில் உங்களை வெளியேற்றலாம். "களையின்றி, சுத்தமாக, சாகுபடியில் வைத்திருக்க வேண்டும்" என்பது ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் உள்ள விதி. அடுத்தவர் பத்து வருஷம் சேர்த்த குப்பைக்கு, நான்காவது மாதம் உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரக்கூடும் என்று அர்த்தம்.

இன்னொன்று. ஷெட்டுக்குள் இருக்கும் சாமான்கள் பழையவரின் சொத்தாக இருக்கலாம். பிறர் விட்டுப்போன பொருள்களை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு 1977ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே உண்டு. "அவை கைவிடப்பட்டவை, அகற்றலாம்" என்று நில உரிமையாளர் எழுத்தில் சொல்லும்வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

படி 4: கடிதம் எழுதுங்கள், பிறகு கையெழுத்து

நம்மவர்கள் இங்கேதான் தயங்குவார்கள். இத்தனை வருஷம் காத்திருந்து வந்ததை, கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்வானேன் என்று. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். இது தானம் இல்லை, வாடகை கொடுக்கப்போகிறீர்கள். தாராளமாகப் பல்லைப் பார்க்கலாம்.

கோபம் வேண்டாம், குற்றச்சாட்டு வேண்டாம். மின்னஞ்சலில் இவ்வளவு போதும்:

"இந்த எண்ணுள்ள துண்டை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். இன்ன தேதியில் பார்த்தபோது கீழ்க்கண்டவை இருந்தன, படங்கள் இணைத்துள்ளேன்: டயர் இத்தனை, உடைந்த கண்ணாடி, இத்தனை மீட்டர் கார்ப்பெட், ஷெட் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் எனச் சந்தேகம். இவற்றை நான் தொடங்கும் முன் அகற்றித் தர முடியுமா? இயலாவிட்டால் ஒரு ஸ்கிப் (குப்பை அள்ளும் பெரிய இரும்புத் தொட்டி) ஏற்பாடு செய்யவோ, முதல் வருட வாடகையைத் தள்ளுபடி செய்யவோ முடியுமா? சாகுபடி விதியைக் கணக்கிடும்போது எனக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் தருவதாக எழுத்தில் உறுதிசெய்ய வேண்டுகிறேன்."

கேட்டதில் எல்லாம் கிடைக்காது. ஆனால் என் கணக்கில் முக்கியம் கடைசி வரிதான். ஸ்கிப் கிடைக்காவிட்டாலும் அவகாசத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது கவுன்சிலுக்குச் செலவில்லாதது, அதனால் எளிதில் கிடைக்கும். பாதித் துண்டு, அதாவது 5 ராட், மட்டும் போதும் என்று கேட்பதும் புத்திசாலித்தனம்.

பதில் "எதுவும் முடியாது, இருப்பதை இருப்பதுபோல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வந்தால்? ஆஸ்பெஸ்டாஸ் இல்லை, கார்ப்பெட் கொஞ்சம்தான் என்றால் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் இருந்தால், வரிசையில் இடம் போகாமல் அடுத்த துண்டுக்குக் காத்திருக்க முடியுமா என்று கேளுங்கள்.

படி 5: நீங்கள் தொடவே கூடாதவை

ஆஸ்பெஸ்டாஸ். நம் ஊரில் அதன் கீழேதான் பாதிப் பேர் வளர்ந்தோம், அதனால் பயமே இல்லை. பிரிட்டனில் கடைசி வகையும் 1999இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் போட்ட ஷெட் கூரைகள் அலாட்மென்ட்டுகளில் இன்னும் ஏராளம். சாம்பல் நிற அலைத் தகடு, உடைந்த ஓரத்தில் நார் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், பெருக்காதீர்கள். நனைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்துத் துண்டுக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். நில உரிமையாளருக்கு எழுதுங்கள்.

பெயர் அழிந்த பாட்டில்கள், டப்பாக்கள். பழைய ஷெட்டுகளில் இப்போது விற்பனையில் இல்லாத களைக்கொல்லி, பூச்சிமருந்து எல்லாம் கிடக்கும். முகர்ந்து பார்ப்பது, சாக்கடையில் ஊற்றுவது இரண்டும் கூடாது.

ஜப்பானிய நாட்வீட். மூங்கில்போல் கணுவுள்ள, சிவப்புப் புள்ளி போட்ட தண்டு, இதய வடிவ இலை. இதன் வேர்த்துண்டு சின்னதாக இருந்தாலும் முளைக்கும். வெட்டியதும் தோண்டிய மண்ணும் கட்டுப்படுத்தப்பட்ட கழிவு, சாதாரணக் குப்பையோடு போடக் கூடாது. இதுவும் நில உரிமையாளருக்குப் போக வேண்டிய கடிதம்தான்.

படி 6: இனி இறங்கலாம்

புதரை முதலில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் வெட்டுங்கள். தரையோடு வெட்டப் புல் வெட்டும் ஸ்ட்ரிம்மரை உடனே எடுத்தால், மறைந்திருக்கும் கம்பியும் கயிறும் அதில் சுற்றிக்கொள்ளும், கண்ணாடி முகத்தில் தெறிக்கும். அரைகுறையாக வெட்டி, உள்ளே பார்த்து, பொறுக்கி, பிறகு தரைக்கு இறங்குங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். கூடு இருந்தால் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி கலைக்கக் கூடாது. பெரிய புதர் வேலைக்குக் குளிர்காலமே உகந்தது.

தகரம், கார்ப்பெட் எதையும் மெதுவாகத் தூக்குங்கள். அடியில் பளபளப்பாக, வெண்கல நிறத்தில், ஒரு முழத்துக்கும் குறைவான ஒன்று நெளிந்தால் "பாம்பு" என்று மண்வெட்டியை ஓங்காதீர்கள். அது ஸ்லோ வொர்ம், காலில்லாத பல்லி. யாரையும் ஒன்றும் செய்யாது, நத்தைக்குட்டிகளைத் தின்னும். அதைக் கொல்வது அதே 1981 சட்டப்படி குற்றம். மெல்ல எடுத்து ஓரத்தில் விடுங்கள்.

கண்ணாடியைத் தனி வாளியில், செய்தித்தாளில் சுற்றிப் போடுங்கள். பிளாஸ்டிக் பை கிழிந்துவிடும். கிரீன்ஹவுஸ் இருந்த இடத்து மண்ணைச் சல்லடையில் சலிக்காமல் வெறுங்கையால் தொடாதீர்கள். எலி நடமாட்டம் இருந்தால், எலிக்காய்ச்சலை நினைத்துக் கையுறையைக் கழற்றாமல் வேலை செய்யுங்கள், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ரோட்டவேட்டர் வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதுவிடலாம் என்று தோன்றும். பைண்ட்வீட், கௌச் புல் உள்ள நிலத்தில் அது வேரை நூறாக நறுக்கி நூறு செடி நட்டுத் தரும். வேண்டாம்.

எல்லாமே குப்பையும் இல்லை. செங்கல், சிலாப், தண்ணீர் பீப்பாய், உடையாத கண்ணாடி ஆகியவற்றை ஓரமாக அடுக்குங்கள். மரத்தட்டுகளில் "HT" முத்திரை இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். "MB" என்றால் மெத்தில் புரோமைடு, வேண்டாம். கருப்பாகத் தார் வாடை அடிக்கும் பழைய ரயில் கட்டைகளைப் பாத்திக்கு வைக்காதீர்கள், எரிக்கவும் செய்யாதீர்கள். தோண்டுமுன் ஒருமுறை தேடுங்கள்: புதருக்குள் ரூபார்ப் (தண்டைச் சமைத்துண்ணும் செடி), பிளாக்கரன்ட் பழச்செடி எதாவது உயிரோடு இருக்கும்.

படி 7: வெளியே அனுப்புதல்

ஸ்கிப் வருகிறது என்றால் லாரி உள்ளே நுழையக் கேட் அகலம் போதுமா என்று அளந்து பாருங்கள். ரோட்டில் வைத்தால் அனுமதி வேண்டும். டயர், பெயின்ட், ஃபிரிட்ஜ் இவற்றைச் சாதாரண ஸ்கிப்பில் எடுக்க மாட்டார்கள். டயரைக் கவுன்சிலின் குப்பைக் கிடங்கும் எல்லா இடத்திலும் வாங்குவதில்லை, முதலில் விசாரியுங்கள்.

வேனில் வந்து "ஐம்பது பவுண்டு, எல்லாத்தையும் எடுத்திடறேன்" என்பவரிடம் கழிவு ஏற்றிச் செல்லும் பதிவு எண் கேளுங்கள். என்விரான்மென்ட் ஏஜென்சியின் (வேல்ஸில் நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ் அமைப்பின்) பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். 1990ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி குப்பை யார் கைக்குப் போகிறது என்பதைப் பார்க்கும் கடமை உங்களுடையது. அவர் அதை ஏதோ ஒரு சந்தில் கொட்டி, அதற்குள் உங்கள் முகவரியுள்ள உறை கிடந்தால், கடிதம் உங்களைத் தேடித்தான் வரும். ரசீது வாங்கி வையுங்கள்.

நீங்கள் எடுத்துக்கொண்ட பிறகு வெளியாட்கள் வேலிக்குமேல் கொட்டிப்போனால் அது வேறு விவகாரம். அன்றே படமெடுத்து நில உரிமையாளருக்கு அனுப்புங்கள். தாமதித்தால் அது உங்களுடையது என்று எழுதிவிடுவார்கள்.

படி 8: முதல் விதை

முழு நிலத்தையும் சுத்தம் செய்த பிறகுதான் நடுவது என்றால் மனசு விட்டுப்போகும். மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். மீதிக்குத் தடித்த கருப்பு ஷீட் போட்டு, எடுத்து வைத்த செங்கலை ஓரத்தில் ஏற்றுங்கள். ஒரு வருஷம் வெளிச்சம் இல்லாமல் கிடந்தால் புல்லும் முட்புதரும் பெரும்பாலும் தளர்ந்துவிடும். பைண்ட்வீட் மட்டும் கூடுதல் பிடிவாதம்.

கண்ணாடி கிடந்த பகுதியில் முதல் வருஷம் வேர்க்காய்கறி வேண்டாம், மண்ணுக்குள் கைவிட்டு எடுக்க வேண்டியிருக்கும். சுத்தமான பங்கில் உருளைக்கிழங்கு, வெந்தயம், கொத்தமல்லி. ஏப்ரல் கடைசியில் வீட்டு ஜன்னலோரத் தொட்டியில் பூசணி விதை ஊன்றுங்கள். மே கடைசியில் உறைபனி பயம் போனதும், மூடிய ஷீட்டில் இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலத்தில் ஓட்டை வெட்டி, அந்த இடத்தை மட்டும் கொத்தி எரு போட்டு நாற்றை இறக்குங்கள். கொடி ஷீட்டின் மேலேயே ஓடும், காய் மண் படாமல் இருக்கும். செடிக்குச் செடி குறைந்தது ஒன்றரை மீட்டர் விடுங்கள்.