தலையீற்றுக் கிடாரிக்கு ஏற்ற பொலிகாளையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் இறைச்சிக்காக மாடு வளர்க்கும் பண்ணைகளில், கிடாரிகளை 14 அல்லது 15 மாத வயதில் இணை சேர்த்து, ஏறத்தாழ 24 மாத வயதில் முதல் கன்றை ஈன வைப்பது வழக்கம். அந்த வயதில் கிடாரியின் வளர்ச்சி முடிந்திருக்காது. இடுப்பெலும்பின் வழியும் குறுகலாகவே இருக்கும். தலையீற்றில் கன்று சிக்கிக்கொண்டால், இழப்பு அந்தக் கன்றோடு நிற்பதில்லை. தாய் நலிந்துபோய், மீண்டும் பருவத்துக்கு வரத் தாமதமாகி, அடுத்த இணை சேர்க்கும் காலத்தில் சினை பிடிக்காமல், இரண்டு ஆண்டுகள் தீனி போட்டு வளர்த்த மாடு மந்தையிலிருந்தே கழிக்கப்படும் நிலைக்கு வந்துவிடுகிறது. இந்தச் சிக்கலுக்கு முதன்மையான காரணம், தாயின் இடுப்பு வழி தாங்காத அளவுக்குக் கன்று பெருத்துவிடுவதுதான். கன்றின் மரபணுவில் பாதி காளையிடமிருந்து வருகிறது. ஆகவே காளையைத் தேர்ந்தெடுக்கும்போதே ஈற்றின் போக்கையும் பெருமளவு தீர்மானித்துவிடுகிறோம்.

அமெரிக்கப் பண்ணைகளில் கிடாரிகளுக்கு மிகுதியாகப் பயன்படும் இனம் ஆங்கஸ் என்பதால், அந்த இனத்தை முன்வைத்தே இங்கு விளக்குகிறேன். முறை மற்ற இனங்களுக்கும் பொருந்தும். எண்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

காளை விற்பனைப் பட்டியலைத் திறந்தவுடன் பலருடைய கண்ணும் முதலில் தேடுவது, அந்தக் காளை பிறந்தபோது எத்தனை பவுண்டு இருந்தது என்பதைத்தான். இது இயல்பான தேடல் என்றாலும், பிழையான தொடக்கம். பிறப்பு எடை வேறுபாட்டில் மரபின் பங்கு பாதிக்கும் குறைவே. மற்றவை தாயின் வயது, தீனி, தட்பவெப்பம் ஆகியவற்றால் அமைபவை. கடும் குளிர்காலத்தைக் கடந்த பசுக்கள் எடை கூடிய கன்றுகளை ஈனுவது நன்கு அறியப்பட்ட செய்தி. மொன்டானாவின் பனியில் 80 பவுண்டோடு பிறந்த காளையையும், டெக்சாசின் வெப்பத்தில் 70 பவுண்டோடு பிறந்த காளையையும் அருகருகே வைத்து, இரண்டாவதே கிடாரிக்கு நல்லது என்று முடிவு கட்டுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. மேலும், பிறப்பு எடையைத் தராசில் நிறுத்து எழுதினார்களா, கண் மதிப்பில் எழுதினார்களா என்பதையும் பட்டியலைப் பார்த்து அறிய முடியாது.

தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்வதும் இதே போன்றதுதான். தோள் குறுகிய, தலை சிறுத்த, உடல் நீண்ட காளையின் கன்றுகள் எளிதில் வெளிவரும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் கன்றுகளின் உடல் அளவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வுகள், பிறப்பு எடை சொல்வதற்கு மேல் அந்த அளவுகள் புதிதாகப் பெரிய செய்தி எதையும் சொல்வதில்லை என்றே காட்டியுள்ளன.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது சி.இ.டி. என்று குறிக்கப்படும் எண். காளையின் சொந்தப் பதிவு, அதன் பெற்றோர், உறவுகள், கன்றுகள், மரபணுச் சோதனை ஆகிய அனைத்தையும் சேர்த்து, அதன் கன்றுகள் எப்படி அமையும் என்று இனச் சங்கங்கள் கணித்து வெளியிடும் மதிப்புகளை இ.பி.டி. என்பார்கள். அவற்றுள் சி.இ.டி., தலையீற்றுக் கிடாரிகள் உதவியின்றிக் கன்று ஈனும் விகிதத்தைச் சதவீதத்தில் ஒப்பிடுகிறது. ஒரு காளைக்கு +12, இன்னொன்றுக்கு +4 என்றால், ஒரே மாதிரியான கிடாரிகளில் இரண்டையும் பயன்படுத்தும்போது, முதல் காளையின் கன்றுகளில் சராசரியாக 100க்கு 8 கூடுதலாக யாருடைய கையும் படாமல் பிறக்கும் என்று பொருள். இந்த எண் பெரிதாக இருப்பது நல்லது. பிறப்பு எடைக்கான இ.பி.டி. பவுண்டில் தரப்படும், அது சிறிதாக இருப்பதே கிடாரிக்கு நல்லது.

இரண்டையும் தனித்தனி வரம்புகளாக வைத்துக் காளைகளைக் கழித்துக்கொண்டே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சி.இ.டி. கணக்கில் பிறப்பு எடை ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. இன்னொரு முறை அதைக் கொண்டு வடிகட்டினால், ஒரே செய்தியை இரு தடவை எண்ணியதாகி, வளர்ச்சியில் சிறந்த நல்ல காளைகளைக் காரணமின்றி இழக்க நேரும். சி.இ.டி.யை வைத்து முடிவெடுத்துவிட்டுப் பிறப்பு எடையை உறுதிப்படுத்திக்கொள்ள மட்டும் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக மூன்று கற்பனைக் காளைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது பிறந்தபோது 66 பவுண்டு, சி.இ.டி. +3. இரண்டாவது பிறந்தபோது 78 பவுண்டு, சி.இ.டி. +11, பால்மறக்கும் எடைக்கான இ.பி.டி. +65. மூன்றாவதற்குச் சி.இ.டி. +17, பால்மறக்கும் எடைக்கு +38. முதல் காளை சிறிதாகப் பிறந்ததற்கு அதன் தாயே தலையீற்றுக் கிடாரியாக இருந்தது காரணமாக இருக்கலாம். அந்தச் சிறுமை அதன் கன்றுகளுக்குப் போகும் என்பதற்குக் கணிப்பில் ஆதரவு இல்லை. மூன்றாவது காளை ஈற்றை மிக எளிதாக்கும். ஆனால் கன்றுகள் பால்மறக்கும்போது, அதாவது 205 நாள் எடையில், இரண்டாவதன் கன்றுகளைவிடச் சராசரியாக 27 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 12 கிலோ, குறைவாக இருக்கும். கிடாரிகள் நன்றாக வளர்ந்தவை என்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன். கிடாரிகள் சிறியவையாக இருந்தாலோ, இரவில் கண்காணிக்க ஆள் இல்லாவிட்டாலோ, மூன்றாவதுக்குப் போவதில் தவறில்லை. சிறிதாகப் பிறந்து வேகமாக வளரும் கன்றுகளைத் தரும் காளைகள் இருக்கவே செய்கின்றன. பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.

எண்ணுக்குக் கீழே அச்சிடப்பட்டிருக்கும் நம்பக அளவைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் அது 0 முதல் 1 வரை செல்லும்; 1ஐ நெருங்க நெருங்க நம்பகம் கூடும். இன்னும் கன்று எதுவும் பிறக்காத ஓராண்டுக் காளையின் நம்பக அளவு தாழ்வாகவே இருக்கும்; கன்றுகளின் பதிவுகள் வரவர அதன் சி.இ.டி. ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். மரபணுச் சோதனை செய்த இளங்காளை இதில் ஓரளவு மேல். நூற்றுக்கணக்கான கன்றுகளின் பதிவுள்ள காளையின் உறைவிந்துக் குச்சியைக் கொண்டு செயற்கைக் கருவூட்டல் செய்தால், நம்பக அளவு உயர்ந்த எண்ணை நம்பி இறங்கலாம். கிடாரிகளைப் பொறுத்தவரை, கருவூட்டலுக்கு ஆகும் கூடுதல் செலவுக்கும் உழைப்புக்கும் இந்த உறுதி ஒன்றே ஈடாகும் என்பது என் கருத்து. ஆனால் கருவூட்டலில் சினை பிடிக்காதவற்றுக்காகப் பின்னர் மந்தையில் விடும் காளையையும் இதே கவனத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே அசட்டையாக இருந்தால் மந்தையின் ஒரு பகுதி இடருக்கு உள்ளாகும்.

ஓர் இனத்தின் எண்ணை வேறு இனத்தின் எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஆங்கஸின் +8உம் சிம்மெண்டலின் +8உம் ஒன்றல்ல. ஒவ்வொரு சங்கத்தின் அடிப்படையும் வேறு. அந்தந்த இனச் சங்கம் வெளியிடும் சதவீத வரிசை அட்டவணையைப் பார்த்து, காளை தன் இனத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று அறிந்துகொள்வதே சரியான வழி. கிடாரிகளுக்கு, இனத்தின் மேல் கால்பகுதியில் உள்ள காளைகளோடு தேடலைத் தொடங்கலாம்.

இனத்தேர்விலும் எச்சரிக்கை வேண்டும். பெல்ஜியன் புளூ போன்ற, தசை இயல்பைவிட மிகப் பெருத்த இரட்டைத் தசை இனக் காளைகளைக் கிடாரிகளிடம் விடவே கூடாது. பிராமன் இனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெல்லூர் எனப்படும் ஓங்கோல், கீர், குஜராத் எனப்படும் காங்கிரேஜ் உள்ளிட்ட இந்திய மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவான இனம் அது. பிராமன் பசு எந்தக் காளைக்கும் சிறிய கன்றையே ஈனும் இயல்புடையது. ஆனால் பிராமன் காளையை ஆங்கஸ் போன்ற ஐரோப்பிய இனக் கிடாரியோடு சேர்த்தால் கன்று எதிர்பாராத அளவுக்குப் பெருத்துவிடும். பிராமன் பசு எளிதாக ஈனுகிறதே என்று பார்த்து, அந்த இனக் காளையும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது.

பிறக்கும் பெண் கன்றுகளை மந்தையில் வைத்துக்கொள்ள எண்ணினால் சி.இ.எம். என்ற எண்ணையும் பாருங்கள். அது காளையின் மகள்கள் தம் தலையீற்றில் எவ்வளவு எளிதாக ஈனும் என்பதைக் காட்டுகிறது. பிறப்பு எடையை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் குறைத்துக்கொண்டே போனால், மகள்களும் சிறுத்து, அவற்றின் இடுப்பு வழியும் குறுகி, எந்தச் சிக்கலைத் தவிர்க்க முயன்றோமோ அதுவே திரும்பி வரும். எல்லாக் கன்றுகளையும் விற்பதாக இருந்தால் இந்த எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

காளை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் கிடாரி தயாராக இருக்க வேண்டும். இணை சேர்க்கும்போது, முழு வளர்ச்சி எடையில் 60 முதல் 65 சதவீதத்தை எட்டியிருப்பது நல்லது. ஓராண்டு வயதையொட்டிக் கால்நடை மருத்துவரைக் கொண்டு இடுப்பு வழியின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்கிப் பார்த்து, மிகக் குறுகலானவற்றைக் கழித்துவிடலாம். சினையின் கடைசி மாதங்களில் தீனியைக் குறைத்துக் கன்றைச் சிறிதாக்க முயல்வது பெருந்தவறு. ஈற்று அதனால் எளிதாவதில்லை, தாய் மெலிந்து சீம்பாலின் தரம்தான் கெடும்.

காளையை வாங்குவதற்கு முன் இனப்பெருக்கத் தகுதிச் சோதனைச் சான்றைக் கேளுங்கள். 15 மாதம் வரையுள்ள காளைக்கு விதைப்பைச் சுற்றளவு குறைந்தது 30 செ.மீ. இருக்க வேண்டும், விந்தணுக்களில் 70 சதவீதமாவது இயல்பான வடிவம் கொண்டிருக்க வேண்டும். ஓராண்டுக் காளையிடம் 10 முதல் 15 கிடாரிகளுக்கு மேல் விட வேண்டாம்.

இணை சேர்ந்த தேதியைக் குறித்து வைத்து 283 நாட்களைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஈற்றை எளிதாக்கும் காளைகளின் கன்றுகள் பல வேளைகளில் ஒரு வாரம் வரை முன்னதாகவே பிறந்துவிடும்; ஆகவே கணக்கிட்ட நாளுக்குப் பத்து நாட்கள் முன்பே கிடாரிகளை வீட்டுக்கு அருகிலுள்ள மேய்ச்சலுக்குக் கொண்டுவந்து கண்காணிக்கத் தொடங்குங்கள். சி.இ.டி. எவ்வளவு உயர்ந்திருந்தாலும், கன்று தலைகீழாகவோ கால் மடங்கியோ வருவதற்குக் காளை பொறுப்பல்ல. பனிக்குடம் வெளியில் தெரிந்து ஒரு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவரை அழைத்துவிட வேண்டும்.