மூக்கு பழகிவிடும், ஜாக்கிரதை

மும்பை மாட்டுங்காவில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைக்குப் போனால், தெருமுனையிலேயே மணம் வந்து இழுக்கும். உள்ளே பத்து நிமிடம் நின்று பாருங்கள், ஒன்றும் தெரியாது. மணம் எங்கும் போகவில்லை. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது, அவ்வளவுதான். வீட்டில் பல தவறுகள் இதை மறப்பதால்தான் வருகின்றன.

இருப்பதிலேயே மோசமானது கேஸ் விஷயம். “இப்போ நாத்தம் இல்லையே” என்று அடுப்பைப் பற்றவைத்துவிடுவார்கள். எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். நாற்றம் குறைந்தது போலிருந்தால் கசிவு நின்றிருக்க வேண்டுமென்பதில்லை, மூக்கு பழகியிருக்கலாம். ஜலதோஷம் என்றால் தெரியாமலே போகும். லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் என்று எந்த ஸ்விட்சையும் தொடாமல் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மும்பையில் இன்னொரு குழப்பம் உண்டு. குழாயில் வருவது இயற்கை எரிவாயு, காற்றைவிட லேசு, மேலே போகும். சிலிண்டர் கேஸ் கனம், தரையோடு தங்கும். ஊரில் சிலிண்டரோடு பழகிய என் அம்மா, இங்கே குழாய் அடுப்புக்கும் குனிந்து தரையைத்தான் முகர்ந்து பார்த்தார்.

காபிப்பொடியை ஃப்ரிட்ஜில் வைப்பது நான் செய்த தவறு. ஜூலை மாத ஈரத்தில் ஜில்லென்ற டப்பாவைத் திறந்தால் பொடிமேல் நீர் கோக்கும். போதாக்குறைக்கு நறுக்கிய வெங்காயத்தின் வாசனையும் ஏறும். மழைக்காலத்தில் கால் கிலோவுக்கு மேல் வாங்காமல், இறுக மூடி வெளியே வைத்தாலே போதும். அப்புறம், டிகாக்‌ஷனைக் கொதிக்க விடாதீர்கள். மணம் ஆவியாகிப் போய், கசப்புதான் மிஞ்சும். கொதிக்க வேண்டியது பால்.

சளி பிடித்தால் “நாக்கு செத்துப்போச்சு” என்கிறோம். பாவம், நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காய் விதையை மென்று பாருங்கள், ஏதோ லேசான காரம் போலத் தெரியும். கையை எடுத்தால்தான் ஏலக்காய்! ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, வாயிலிருந்து பின்வழியாக மூக்குக்குப் போகும் மணம். அதனால் சளியோடு ரசம் வைத்தால் உப்பு, பெருங்காயத்தை அளந்தே போடுங்கள். நான் ஒருமுறை “சப்பென்று இருக்கே” என்று மேலும் மேலும் பெருங்காயம் போட்டேன், வீட்டில் யாரும் வாயில் வைக்கவில்லை.

வடாபாவ் மிளகாயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதும் வீண்தான். காரம் எரிச்சலே தவிர சுவை அல்ல, அதைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது. பாலோ தயிரோ கேளுங்கள்.

கடைசியாக ரூம் ஸ்ப்ரே. உங்கள் வீட்டு வாசனை உங்களுக்குத் தெரியாது. ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறக்கும் அந்த ஒரு நொடியில் பிடிபடும். அப்போது ஸ்ப்ரேயைத் தேடாமல் நேரே சிங்க் குழாய், ஷூ அலமாரி, கொடியில் நாலு நாளாகக் காயாத துண்டு, இந்த மூன்றையும் பாருங்கள். எங்கள் வீட்டில் எப்போதும் துண்டுதான்.