ஜே.டி.கே. போடும்போது பாத்தைத் தொலைத்துவிடாதீர்கள்

கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் ஜாவா வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலரிடம் இருப்பது அண்ணாவோ அக்காவோ பாவித்துவிட்டுக் கொடுத்த லப்டொப். பழைய ஜாவா 8, பைதன், டேட்டாபேஸ் என்று எல்லாம் அதில் ஏற்கெனவே கிடக்கும். ஜாவா புரோகிராம் எழுதத் தேவையான கருவித்தொகுப்பான ஜே.டி.கே.யின் (JDK) புதிய பதிப்பை அதன்மேல் போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

செட்எக்ஸ் கட்டளையால் பாத்தை மாற்றுவது

ஒரு கட்டளையைத் தட்டினால் விண்டோஸ் எந்தெந்தப் போல்டர்களில் தேட வேண்டும் என்ற பட்டியல்தான் பாத். அதில் ஜே.டி.கே.யின் 'பின்' (bin) போல்டரைச் சேர்க்க வேண்டும். இதை ஒரே வரியில் முடிக்கலாம் என்று பாடக்குறிப்புகளில் செட்எக்ஸ் (setx) கட்டளையைக் காட்டுகிறார்கள்: இருக்கிற பாத்தை எடு, கடைசியில் புதிய போல்டரை ஒட்டு, திரும்ப எழுது.

செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல் எழுதாது. மிச்சத்தை வெட்டிவிடும். பாவித்த லப்டொப்பில் பாத் அந்த நீளத்தை எளிதில் தாண்டும். நீங்கள் கடைசியில் ஒட்டிய ஜாவா போல்டர்தான் முதலில் பறிபோகும். வெட்டப்பட்டதாக எச்சரிக்கை வரி ஒன்று வரும், ஆனால் அதற்கு அடுத்தாற்போல் 'சக்சஸ்' என்றும் வரும். பிள்ளைகள் இரண்டாவதை மட்டும் வாசிக்கிறார்கள்.

அதே கட்டளையில் '/எம்' (/M) சேர்த்தால் இன்னும் மோசம். கணினி முழுவதற்குமான பாத்தே வெட்டுப்பட்டு, நேற்றுவரை ஓடிய பைதனும் 'கிட்' (Git) மென்பொருளும் 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று நிற்கும். இத்தனைக்குப் பிறகும் இந்த வரியைப் பாடக்குறிப்பில் அச்சடித்துக் கொடுப்பது பொறுக்க முடியாத செயல்.

வெட்டுப்பட்டுவிட்டால் அந்தக் கமாண்ட் விண்டோவை மூடாதீர்கள், கணினியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். விண்டோ திறந்தபோது இருந்த பாத் அதற்குள் அப்படியே இருக்கும். எக்கோ கட்டளையால் அதைக் காட்டச்செய்து நோட்பாட்டில் ஒட்டிச் சேமியுங்கள். பிறகு விடுபட்ட போல்டர்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம்.

சரியான வழி இதுதான்: ஸ்டார்ட் மெனுவில் 'என்விரோன்மென்ட்' என்று தட்டி, என்விரோன்மென்ட் வேரியபிள்ஸ் பெட்டியைத் திறவுங்கள். சிஸ்டம் பகுதியில் பாத், எடிட், நியூ. 'பின்' போல்டரின் முகவரியை ஒட்டி, மூவ் அப் அழுத்தி மேலே கொண்டுபோங்கள்.

ஜாவா ஒன்று, ஜாவாசி இன்னொன்று

மேலே கொண்டுபோவதற்குக் காரணம் உண்டு. ஜாவாசி (javac) நாம் எழுதும் புரோகிராமைத் தொகுக்கும் கட்டளை, ஜாவா (java) அதை ஓட்டும் கட்டளை. பழைய ஜாவா 8இன் நிறுவல் மென்பொருள், 'ஜாவாபாத்' என்ற போல்டரைப் பாத்தின் முன்னால் செருகியிருக்கும். ஜாவாசி 17ஆம் பதிப்பில் தொகுக்கும், ஜாவாவோ 8இல் ஓட்டப் பார்க்கும். பிழைச்செய்தியில் 61.0, 52.0 என்ற எண்கள் தெரியும். 44ஐக் கழித்தால் பதிப்பு வரும்: 17, 8. புரோகிராமில் பிழை தேடி மணித்தியாலங்களைச் செலவழிக்க வேண்டாம். கமாண்ட் ப்ரொம்ட்டில் 'வேர் ஜாவா' என்று தட்டினால் எந்த போல்டர் முந்துகிறது என்று வரிசையாகக் காட்டும்.

ஜாவா ஹோமில் 'பின்' சேர்ப்பது

சேர்க்காதீர்கள். ஜாவா ஹோம் என்பது ஜே.டி.கே. இருக்கும் இடத்தைச் சொல்லும் என்விரோன்மென்ட் வேரியபிள். ஜாவா புரோகிராம்களைக் கட்டும் கருவியான மேவன், 'பின்'னுக்கு மேலுள்ள ஜே.டி.கே. போல்டரையே அதில் எதிர்பார்க்கிறது.

பாத்தை மாற்றிவிட்டுப் பழைய விண்டோவில் சோதிப்பது

புதிதாக ஒன்றைத் திறவுங்கள்.

உபுண்டு லினக்ஸில்

ஜே.ஆர்.ஈ. என்று முடியும் பொதியைப் போட்டால் ஜாவா ஓடும், ஜாவாசி இராது. ஜே.டி.கே. என்று முடிவதைப் போடுங்கள். இரண்டு பதிப்புகள் இருந்தால் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையை ஜாவாவுக்கு ஒருதரம், ஜாவாசிக்கு ஒருதரம் கொடுக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

மக்கில்

எம்1 முதலான ஆப்பிள் சிப்புக்கு 'ஆர்ம் 64' கோப்பு. இன்டெல்லுக்குரிய 'எக்ஸ் 64' கோப்பும், இன்டெல் புரோகிராம்களை மொழிபெயர்த்து ஓட்டும் ஆப்பிளின் ரொசெட்டா வழியாக ஓடும், ஆனால் மெதுவாக. ஜாவா ஹோமை பாஷ் புரொபைலில் (.bash_profile) எழுதிவிட்டு வேலைசெய்யவில்லை என்று தவிக்கிறார்கள். 2019இல் வந்த கட்டலீனாவிலிருந்து இயல்பான ஷெல், அதாவது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் மென்பொருள், பாஷ் அல்ல, இசட்-ஷெல் (zsh). எழுதவேண்டிய கோப்பு அதனுடைய ஆர்.சி. கோப்பு (.zshrc).