மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு ‘பிளெஷர் டு கில்’

டர்பனில் கோயில் மேளத்தைக் கேட்டு வளர்ந்த ஒருவர், ‘க்ரியேட்டர்’ என்னும் ஜெர்மானிய த்ராஷ் மெட்டல் (மிக வேகமான, முரட்டு ராக் வகை) குழுவின் ‘பிளெஷர் டு கில்’ தொகுப்பை முதன்முறை கேட்டுவிட்டு “ஒரே இரைச்சல்” என்று சொன்னால், அவரைக் குறை கூற இயலாது. நானும் அப்படித்தான் சொன்னேன். காரில், நெடுஞ்சாலை ஓசைக்கு நடுவே, தொகுப்பின் பாதியிலிருந்து தொடங்கி, இரண்டாவது பாடலிலேயே நிறுத்திவிட்டேன். பல மாதங்கள் கழித்து, சிறுவயதில் மிருதங்க வகுப்புக்குப் போன பழக்கத்தில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டபோதுதான் அதற்குள் ஒழுங்கான கட்டுமானம் இருப்பது புலப்பட்டது. ஆகையால் நான் இங்கே சொல்லப்போவது, கித்தாரையும் குரலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, தாளத்தின் வழியாக இந்தத் தொகுப்புக்குள் நுழையும் முறை.

கேட்பதற்கு முன் சில செய்திகளை அறிந்திருப்பது நல்லது. இது 1986ஆம் ஆண்டு நவம்பரில், பெர்லினைச் சேர்ந்த நாய்ஸ் ரெக்கார்ட்ஸ் வழியாக, ஹாரிஸ் ஜான்ஸின் தயாரிப்பில் வெளிவந்தது. கித்தார் வாசித்துப் பாடிய மில்லே பெட்ரோட்ஸா, டிரம்ஸ் வாசித்த யூர்கன் ரைல் என்னும் ‘வென்டோர்’, பேஸ் கித்தார் வாசித்த ராப் ஃபியோரெட்டி ஆகிய மூவரும் ரூர் நிலக்கரிப் பகுதியிலுள்ள எஸ்ஸன் நகரத்து இளைஞர்கள். பெட்ரோட்ஸாவுக்கு அப்போது வயது 18. அதே எஸ்ஸனில், ஒருகாலத்தில் உலகப் புகழ்பெற்றிருந்த ட்ஸோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டதும் அதே 1986 டிசம்பரில்தான். பக்கத்து ஊரான கெல்ஸன்கிர்ஷனிலிருந்து வந்த ‘ஸோடம்’ குழுவின் பாடகர் டாம் ஏஞ்சல்ரிப்பர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தென்னாப்பிரிக்காவின் நியூகாசில், டண்டி நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, 1913 அக்டோபரில் நியூகாசில் சுரங்கத்தில் தொடங்கிய இந்தியத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இந்த இசை பிறந்த மண் அவ்வளவு அந்நியமானதன்று.

இனி ஆயத்தம். பழைய இசைத்தட்டு கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் 2017இல் மறுசீரமைத்து வெளியிட்ட பதிப்பே போதும். சில குறுவட்டுப் பதிப்புகளில் அதே ஆண்டு வந்த ‘ஃபிளாக் ஆஃப் ஹேட்’ சிறுதொகுப்பின் பாடல்களும் பின்னால் சேர்க்கப்பட்டிருக்கும். முதல் முறை அவற்றைக் கேட்க வேண்டாம், ஒன்பதாவது பாடலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைபேசியில் ‘பேஸ் பூஸ்ட்’ வசதி இருந்தால் அதைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். கித்தார், ஸ்நேர் (குச்சியால் அடிக்கும், கூரிய ஒலியுள்ள டிரம்), குரல் மூன்றும் நடு அலைவரிசையில்தான் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அடி ஒலியைக் கூட்டினால் அவை அனைத்தும் சேற்றில் புதைந்துவிடும். ஒலியளவைப் பொறுத்தவரை, 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரமும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அதில் பாதி நேரமும் என்பதே பரவலாகப் பின்பற்றப்படும் பாதுகாப்புக் கணக்கு. அதன்படி 94 டெசிபலில் ஒரு மணி நேரந்தான் கேட்கலாம். தொகுப்பு நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது என்றாலும், ஒன்றுக்கு மூன்று முறை கேட்கப் போகிறவர் அந்தக் கணக்கை மறக்கக் கூடாது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒட்டுச்சுவர் வீட்டில் இருப்பவருக்கு, பக்கத்து வீட்டாரின் நிமித்தமாகவும் ஹெட்ஃபோனே உகந்தது.

முதல் பாடலான ‘கொயர் ஆஃப் த டேம்ட்’ சொற்களற்ற, இரண்டு நிமிடத்துக்குக் குறைவான முன்னிசை. அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அந்த அமைதிக்குப் பிறகு ‘ரிப்பிங் கார்ப்ஸ்’ வந்து விழும்போதுதான் வேகத்தின் அளவு காதுக்குத் தெரியும்.

இப்போது ‘தக தக’ என்று வாயால் விரைவாகச் சொல்லிப் பாருங்கள். ‘த’ விழும் இடத்தில் காலால் மிதிக்கும் பேஸ் டிரம். ‘க’ விழும் இடத்தில் ஸ்நேர். த்ராஷ் மெட்டலின் அடிப்படை நடை இதுவே, இதைவிடச் சிக்கலானது எதுவும் அதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு ‘த’வுக்கும் தட்ட முயன்றால் அரை நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். இரண்டு ‘தக’வுக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால், டிரம்ஸ் எவ்வளவு பறந்தாலும் உங்கள் கை நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். கர்நாடக இசையில் தாளம் மாறாமல் இருக்க, முதல் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்கும் மூன்றாம் காலத்துக்கும் போகும்போது அடிகள் மட்டும் இரட்டிக்கும் அல்லவா? அதே கண்ணோடு பாருங்கள். திடீரென்று இசை கனத்துப் படுத்துவிட்டதுபோல் தோன்றும் பல இடங்களில், மெதுவானது தாளம் அன்று; ஸ்நேர் விழும் எண்ணிக்கை பாதியாகியிருக்கிறது, உங்கள் கைத்தட்டு அப்படியே இருக்கிறது. சில இடங்களில் குழு உண்மையிலேயே வேகத்தை மாற்றிவிடும். அங்கே கையை எடுத்துவிட்டு, நான்கு அடி கேட்டுக்கொண்டு, மறுபடியும் சேர்ந்துகொள்ள வேண்டும். அது தோல்வியன்று. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் (டர்பனில் அதற்கு ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர்) மத்தளக்காரர் ஆட்டக்காரரின் காலைப் பார்த்து அடியை மாற்றும்போது நாமும் அப்படித்தானே தடுமாறித் தொடர்கிறோம்? வென்டோரின் வாசிப்பு கடிகாரத் துல்லியம் உடையது அன்று, ஓரிரு இடங்களில் முன்னே தள்ளுகிறது என்பது என் செவிக்குப் பட்டது; அந்தத் தள்ளல்தான் இந்தத் தொகுப்பின் உயிர் என்பதும் என் கருத்து.

இந்தப் பயிற்சிக்கு வசதியான பாடல் ‘ரயட் ஆஃப் வயலன்ஸ்’. மற்றவற்றோடு ஒப்பிட்டால் இது நிதானமானது, வென்டோரே பாடியது. முதல் முறை கேட்டதில் எதுவும் பிடிபடாதவர் இதிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

தாளம் கைக்கு வந்தபின் கித்தாருக்குப் போகலாம். ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்த (‘டிஸ்டார்ஷன்’) மின்கித்தாரில் மெல்லிய ஒலிக்கும் வலுத்த ஒலிக்கும் இடையிலான வேறுபாடு பெரிதும் நசுங்கிவிடுகிறது. அதனாலேயே புதிதாகக் கேட்பவருக்கு அது ஒரே சுவராகத் தோன்றுகிறது. ஒலி ஏறி இறங்குவதை அங்கே தேடிப் பயனில்லை, தந்தியில் கை படும் கணத்தைத்தான் பின்தொடர வேண்டும். வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகளின் அடிப்பகுதியில் அழுத்திக்கொண்டு மீட்டினால் ‘ஜக் ஜக்’ என்ற மூடிய ஒலி வரும். கையை எடுத்தால் ஒலி திறந்துகொள்ளும். மிருதங்கத்தில் மூடிய அடியும் திறந்த அடியும் மாறி மாறி ஒரு சொல்லை உருவாக்குவதுபோல, இங்கே இவ்விரண்டும் சேர்ந்து ‘ரிஃப்’ (திரும்பத் திரும்ப வரும் கித்தார் துணுக்கு) ஆகின்றன. ஒரு ரிஃப் நான்கு முறை வந்ததும் அடுத்தது வரப்போகிறது என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால், ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடும் ‘த பெஸ்டிலன்ஸ்’கூட நீளமாகத் தோன்றாது.

குரலைக் கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) போலக் கேளுங்கள். பெட்ரோட்ஸாவின் கீச்சுக்குரல் சொற்களைவிட அடிகளையே எறிகிறது. சொற்கள் பிணம், கொலை, கொள்ளைநோய் என்று பயமுறுத்துபவை. ஃபில் லாவ்வேர் வரைந்த அட்டைப்படமும் அப்படியே. ஆயா உறவினரோடு உட்கார்ந்திருக்கும் கூடத்திலும், வீடே நோன்பிருக்கும் புரட்டாசியிலும் இதை ஒலிக்கவிடாதிருப்பது மரியாதை. ஜெர்மானியப் பிள்ளைகள் இரண்டாம் மொழியில் எழுதிய ஆங்கிலம் ஆங்காங்கே இடறுகிறது. அதைக் கேட்டு வீட்டில் ஆங்கிலம் பேசும் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். சனிக்கிழமை வகுப்பில் நாம் எழுதிய தமிழ் எப்படி இருந்தது என்பதை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்.

இந்தத் தொகுப்பை டெத் மெட்டல் என்னும், த்ராஷைவிடக் கடுமையான வகையின் முன்னோடிகளில் ஒன்றாக ஏன் சொல்கிறார்கள் என்பதை அறிய, அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஸ்லேயர் குழுவின் ‘ரெய்ன் இன் பிளட்’டை அடுத்து வையுங்கள். அமெரிக்கப் பதிவு எதிரொலியற்று, உலர்ந்து, கத்திபோல் நிற்கிறது; எஸ்ஸன் குழுவின் பதிவு குகைக்குள் வாசித்ததுபோல் முழங்குகிறது. பிறகு 1987இல் வந்த டெத் குழுவின் ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’ தொகுப்பைக் கேட்டால், அந்தக் குகை முழக்கமும் தொண்டையைக் கிழிக்கும் குரலும் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது தெரியும். ஜெர்மானியப் பக்கமே நிற்க விரும்புபவர் ஸோடம் குழுவின் 1989ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’சுக்குப் போகலாம், அதையும் தயாரித்தவர் ஹாரிஸ் ஜான்ஸே. அங்கே தாளம் இன்னும் தெளிவாகப் பதிவாகியிருப்பதால், தொடையில் தட்டும் கைக்கு வேலை எளிது.